ஆளில்லாத வீடு, அடங்காத காற்று! ஸ்காட்லாந்து தீவுகளின் கைவிடப்பட்ட பண்ணை வீடுகளைப் படம் எடுப்பது எப்படி?

கடலை ஒட்டி ஒரு சின்ன வீடு. கூரையில் நாலைந்து ஸ்லேட் கற்கள் பெயர்ந்து போயிருக்கு. ஜன்னல் கண்ணாடி உடைஞ்சிருக்கு. எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு நாற்காலி, அடுப்பின் மேல் ஒரு கெட்டில், பாதி உரிந்து தொங்கும் பூப்போட்ட வால்பேப்பர். யாரோ 'இதோ வந்துடறேன்' என்று சொல்லிவிட்டு வெளியே போன மாதிரி இருக்கு. ஆனால், போனவர் திரும்பி வரவே இல்லை.

இன்ஸ்டாவில் ஸ்க்ரோல் பண்ணும்போது இப்படி ஒரு போட்டோ வந்தால் உங்க விரல் தானாக நின்றுவிடும்தானே? 'நாமளும் ஒருநாள் இப்படி ஒரு படம் எடுக்கணும்' என்று ஆசையும் வரும். லண்டனிலோ கிளாஸ்கோவிலோ படிக்கிற நண்பர்கள் இருந்தால், 'அடுத்த லீவுக்குப் போலாமா?' என்று மெசேஜும் பறக்கும்.

தாராளமா போகலாம். ஆனால், அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டுப் போனால், எடுக்கிற படமும் நல்லா வரும், அந்த ஊர்க்காரர்களுக்கும் வருத்தம் இருக்காது. இடம், வரலாறு, சட்டம், வெளிச்சம், போன் செட்டிங்ஸ் எல்லாத்தையும் வரிசையாகப் பார்க்கலாம் வாங்க!

எங்கே இருக்கு இந்த இடம்?

ஸ்காட்லாந்தின் வடமேற்கில், அட்லான்டிக் கடலுக்குள் நீளமாகக் கிடக்கும் தீவுக்கூட்டத்துக்கு அவுட்டர் ஹெப்ரிடீஸ் என்று பெயர். அதில் பெரியது லூயிஸ் அண்ட் ஹாரிஸ். பெயரைக் கேட்டால் இரண்டு தீவு மாதிரி இருக்கும். உண்மையில் ஒரே தீவுதான். வடக்குப் பகுதி லூயிஸ், தெற்குப் பகுதி ஹாரிஸ்.

இங்கே இருக்கும் பாறைகள் ஐரோப்பாவிலேயே மிகப் பழைமையானவற்றில் அடங்கும். சுமார் 300 கோடி ஆண்டுகள் வயது! மரங்கள் மிகக் குறைவு. மேற்குக் கரையில் வெள்ளை மணலும் பசும்புல் வெளியும். ஹாரிஸின் கிழக்குக் கரையிலோ எங்கு பார்த்தாலும் மொட்டைப் பாறை. ஸ்டான்லி குப்ரிக் தன் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் வியாழன் கிரகத்தின் நிலப்பரப்பைக் காட்ட, ஹாரிஸுக்கு மேலே விமானத்திலிருந்து எடுக்கப்பட்ட காட்சிகளுக்கு நிறம் மாற்றிப் பயன்படுத்தினார். வேற்றுக் கிரகமாகவே நடித்த ஊர் என்றால் பாருங்க!

அந்தப் பாறைகளுக்கு நடுவில்தான் இந்த வீடுகள் நிற்கின்றன. இந்த ஊர்களில் அடிக்கடி காதில் விழும் சொல், 'கிராஃப்ட்'. கைவினை என்று அர்த்தம் பண்ணிக்காதீங்க, இதன் எழுத்தே வேறு. ஒரு குடும்பம் குத்தகைக்கு வைத்திருக்கும் சின்னத் துண்டு நிலத்துக்குத்தான் கிராஃப்ட் என்று பெயர். அதில் ஆடு மேய்ப்பார்கள், உருளைக்கிழங்கு போடுவார்கள், கடலுக்கு மீன் பிடிக்கப் போவார்கள். பல வீடுகளில் தறியும் ஓடும். உலகப் புகழ்பெற்ற ஹாரிஸ் ட்வீட் துணியை இந்தத் தீவுக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே, கைத்தறியில் நெய்திருக்க வேண்டும் என்று 1993-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

வீடுகள் ஏன் காலியாச்சு?

படம் எடுப்பதற்கு முன்னால் தெரிஞ்சுக்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான். பதில் ஒன்று கிடையாது, நாலைந்து இருக்கு.

முதலாவது, துரத்தப்பட்டது. 18-ம் நூற்றாண்டின் இறுதியிலும் 19-ம் நூற்றாண்டிலும் ஸ்காட்லாந்து மலைநாட்டு, தீவுப் பகுதி நிலச்சுவான்தார்கள், லாபம் தரும் ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடியானவர்களைக் கிராமம் கிராமமாக வெளியேற்றினார்கள். 'கிளியரன்சஸ்' என்று வரலாறு சொல்வது இதைத்தான். ஹாரிஸில் மேற்குக் கரையின் நல்ல நிலத்தில் இருந்தவர்கள் பலர், கிழக்குக் கரையின் பாறைகளுக்குத் தள்ளப்பட்டார்கள். அங்கே அவர்கள் கடல்பாசியையும் மண்ணையும் சேர்த்துப் பாத்தி கட்டி, பாறை மேல் விவசாயம் செய்தார்கள். அந்தப் பாத்திகளின் வரிகளை இன்றும் மலைச்சரிவில் பார்க்கலாம்.

பிறகு குடியானவர்கள் போராடினார்கள். 1886-ல் வந்த சட்டம், 'இனி உங்களை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது. குத்தகை உரிமை உங்கள் பிள்ளைகளுக்கும் போகும்' என்று உறுதி கொடுத்தது.

அடுத்து வந்தது ஒரு பெரும் சோகம். முதல் உலகப் போர் முடிந்து, கடற்படையில் இருந்த லூயிஸ் தீவு ஆண்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். 1919 ஜனவரி 1-ம் தேதி அதிகாலை, அவர்கள் வந்த 'ஐயோலேர்' என்ற கப்பல், ஸ்டோர்னோவே துறைமுகத்துக்கு மிக அருகில் பாறையில் மோதி மூழ்கியது. சுமார் 200 பேர் இறந்தார்கள். புத்தாண்டுக்கு அப்பா வருவார், அண்ணன் வருவான் என்று காத்திருந்த வீடுகளுக்குச் சாவுச் செய்திதான் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1923 ஏப்ரலில் 'மெட்டகாமா' என்ற கப்பல் அதே ஸ்டோர்னோவேயிலிருந்து சுமார் 300 பேரை ஏற்றிக்கொண்டு கனடாவுக்குப் புறப்பட்டது. போனவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். இதைப் படிக்கிற உங்களில் பலரின் வயசு!

அதன் பிறகு நடந்தது மெதுவான காலியாதல். பசங்க படிக்கவும் வேலைக்கும் கிளாஸ்கோ போனார்கள். வயசான அம்மாவோ மாமாவோ தனியாக இருந்தார்கள். அவர்கள் இறந்த பிறகு கதவு சாத்தப்பட்டது. வாரிசுகள் நாலு நாட்டில் இருக்கிறார்கள். விற்கவும் மனசில்லை, வந்து இருக்கவும் வழியில்லை. இது நமக்குப் புரியாத கதை இல்லையே!

இன்னொரு காரணம் ரொம்பச் சாதாரணமானது. அரசு உதவித்தொகையும் கடனும் கிடைத்தபோது, பல குடும்பங்கள் பழைய வீட்டை இடிக்காமல், பக்கத்திலேயே புது வீடு கட்டிக்கொண்டு போய்விட்டன. பழைய வீடு ஆட்டுக் கொட்டகையாகவும், வலையும் உரமூட்டையும் போடும் இடமாகவும் மாறியது. அதாவது, நீங்க 'கைவிடப்பட்ட வீடு' என்று நினைத்துப் படம் எடுக்கும் வீட்டின் சொந்தக்காரர், பத்தடி தள்ளி ஜன்னல் வழியாக உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்!

முன்னாடி யார் எடுத்தாங்க?

புகழ்பெற்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பால் ஸ்ட்ராண்ட், 1954-ல் இதே தீவுக்கூட்டத்தின் சவுத் யூஸ்ட் தீவில் தங்கிப் படமெடுத்தார். அவர் எடுத்த படங்களில் ஜன்னல், கல்சுவர், கடல் இவற்றோடு மனிதர்களின் முகங்களும் சம பங்கு வகிக்கும். அந்த வீடுகளில் அப்போது ஆள் இருந்தார்கள்.

நம் காலத்தில் முக்கியமானவர் ஜான் மேஹர். இவர் 'பஸ்காக்ஸ்' என்ற பிரிட்டிஷ் பங்க் இசைக்குழுவின் முன்னாள் டிரம்மர். மான்செஸ்டரில் ரகளையான இசை வாசித்தவர், பின்னாளில் ஹாரிஸுக்குக் குடியேறி, ஆளில்லாத கிராஃப்ட் வீடுகளைப் படமெடுக்க ஆரம்பித்தார். காலியான அறைகளின் வெளிச்சமும் அமைதியும்தான் அவர் படங்களின் பலம். இரவில் ரொம்ப நேரம் ஷட்டரைத் திறந்து வைத்து எடுக்கும் படங்களுக்கும் பெயர் பெற்றவர். அவர் டூரிஸ்ட்டாக வந்து எடுத்துவிட்டுப் போகவில்லை, அங்கேயே வாழ்ந்து எடுத்தார் என்பதைக் கவனிங்க.

கதவைத் தொடும் முன்...

ஸ்காட்லாந்தில் ஒரு நல்ல சட்டம் இருக்கு. 2003-ம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்பாக நடந்துகொள்ளும் யாரும் மலை, கடற்கரை, மேய்ச்சல் நிலம் என்று பெரும்பாலான இடங்களில் நடக்கலாம். 'அப்போ வீட்டுக்குள்ளேயும் போகலாமா?' என்றால், கூடாது. கட்டடங்களுக்கும், வீட்டை ஒட்டிய தோட்டத்துக்கும் இந்த உரிமை பொருந்தாது. கூரை இடிந்திருந்தாலும் சரி, கதவு திறந்தே கிடந்தாலும் சரி, வீட்டுக்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார்.

அதனால் செய்ய வேண்டியது எளிது. கேளுங்க!

* பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, 'இந்த வீடு யாருடையது, படம் எடுக்கலாமா?' என்று விசாரிங்க. சின்ன ஊர்கள் என்பதால், யாரைக் கேட்டால் தெரியும் என்பதாவது கிடைத்துவிடும்.
* ஆள் இல்லையா? ஊரில் இருக்கும் கடை, தபால் நிலையத்தில் கேட்கலாம். பல பகுதிகளில் உள்ளூர் வரலாற்றுச் சங்கங்கள் இருக்கின்றன. எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்ற குடும்ப விவரங்களை ஆண்டுக்கணக்கில் சேகரித்து வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.
* அனுமதி கிடைக்கவில்லை என்றால், பொதுச் சாலையில் நின்று வெளிப்புறத்தை எடுங்க. பல நேரம் அதுவே சிறந்த ஃப்ரேமாக இருக்கும்.
* ஞாயிற்றுக்கிழமை லூயிஸ், ஹாரிஸில் பலருக்கு வழிபாட்டுக்கும் ஓய்வுக்குமான நாள். பல கடைகள் மூடியிருக்கும். அன்று கதவைத் தட்டாதீங்க.
* வேலிக் கதவைத் திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுட்டு வாங்க. வசந்த காலம் ஆடுகள் குட்டி போடும் சமயம். மந்தைப் பக்கமே போக வேண்டாம்.

அனுமதி, அலைச்சல் எதுவும் இல்லாமல் உள்ளே போய்ப் பார்க்கணுமா? லூயிஸில் அர்னோல் என்ற ஊரில் ஒரு 'பிளாக்ஹவுஸ்' அருங்காட்சியகமாக இருக்கு. சாந்து இல்லாமல் இரண்டு வரிசையாகக் கல் அடுக்கி, நடுவில் மண் நிரப்பிய தடித்த சுவர், மேலே புல் வேய்ந்த கூரை. புகைபோக்கி கிடையாது. நடுவீட்டில் எரியும் 'பீட்' நெருப்பின் புகை கூரை வழியாகவே கசிந்து போகும். பீட் என்பது சதுப்பிலிருந்து வெட்டிக் காயவைக்கும் எரிமண். மனிதர்களும் மாடுகளும் ஒரே கூரையின் கீழ்தான். இந்த வீட்டில் 1966 வரை ஆள் குடியிருந்தார்கள்! அதே கரையில் இருக்கும் கேரனன் கிராமத்தின் பிளாக்ஹவுஸ்களில் கடைசியாக இருந்தவர்கள் 1974-ல் வெளியேறினார்கள். இப்போது அந்த வீடுகளைப் பழுதுபார்த்து, பயணிகள் தங்கும் இடமாக்கியிருக்கிறார்கள். முதல்முறை போகிறவர்கள் இங்கே தொடங்கினால், மற்ற வீடுகளில் எதைப் பார்க்க வேண்டும் என்று கண் பழகிவிடும்.

வெளிச்சம்தான் ஹீரோ

இந்தத் தீவு வடக்கே 58 டிகிரி அட்சரேகையில் இருக்கு. அதனால் நம்ம ஊர் கணக்கு இங்கே வேலைக்கு ஆகாது. ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு பத்தரை மணி ஆகிவிடும். டிசம்பரில் காலை ஒன்பது மணிக்கு மேல் உதித்து, மதியம் மூன்றரை மணிக்கே மறைந்துவிடும்.

இதில் போட்டோகிராஃபர்களுக்கு ஒரு லாபம் இருக்கு. சூரியன் இங்கே செங்குத்தாக இறங்காது. சாய்வாக, மெதுவாக இறங்கும். நம்ம ஊரில் அரை மணி நேரத்தில் முடியும் அந்தப் பொன் வெளிச்சம், கோடையில் இங்கே ரொம்ப நேரம் நீடிக்கும். ஆனால், ஜூனில் இரவு முழுக்க வானம் சரியாக இருட்டாது. வீட்டுக்கு மேல் நட்சத்திரம் வேண்டும் என்றால் செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் சரியான காலம். அதிர்ஷ்டம் இருந்தால் வட துருவ ஒளியும் தெரியும்.

மேகமூட்டம் என்றால் சோர்ந்துபோக வேண்டாம். மேகம் ஒரு பெரிய வெள்ளைத் திரை மாதிரி வெளிச்சத்தைச் சீராகப் பரப்பும். கல்லின் நிறம், துருவின் சிவப்பு, பாசியின் மஞ்சள் எல்லாம் அப்போதுதான் உண்மையாக வரும். மழை நின்ற அடுத்த பத்து நிமிஷத்தைத் தவற விடாதீங்க. ஈரமான கல்சுவர் மேல் வெயில் படும் நேரம் அது.

வெளியே நின்று எடுக்கும்போது...

ஒரு வீட்டுக்குக் குறைந்தது மூன்று படம் என்று கணக்கு வைங்க. தூரத்திலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, நெருக்கத்தில் ஒன்று.

தூரத்துப் படத்தில் வீடு சின்னதாக இருக்கட்டும். பாறை, கடல், பாதை மூன்றும் வரட்டும். 'இங்கேயா ஒரு குடும்பம் வாழ்ந்தது?' என்று பார்ப்பவர் கேட்க வேண்டும். உங்க போனில் டெலிஃபோட்டோ லென்ஸ் இருந்தால், தள்ளி நின்று அதில் எடுங்க. பின்னால் இருக்கும் மலை வீட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அல்ட்ரா வைடில் எடுத்தால் மலை சுருங்கி, வீட்டின் ஓரங்கள் இழுத்த மாதிரி கோணலாகும்.

நடுப்படத்தில் வீட்டின் முகம். கதவும் ஜன்னலும் நேராகத் தெரிய வேண்டும். போனை அண்ணாந்து பிடித்தால் வீடு பின்பக்கம் சாய்வது போலத் தெரியும். அதற்குப் பதில் பின்னால் போய், போனை நேராகப் பிடிங்க. கிரிட் கோடுகளை ஆன் பண்ணி வைத்தால் இது சுலபம்.

இங்கேதான் ஒரு சோதனை வரும். பழைய வீட்டுக்குப் பக்கத்தில் புது வீடு, துணி காயும் கொடி, நிறுத்திய கார் எல்லாம் ஃப்ரேமில் வரும். 'இது மூடைக் கெடுக்குதே' என்று அதை வெட்டத் தோன்றும். ஒரு படமாவது வெட்டாமல் எடுங்க! அவுட்டர் ஹெப்ரிடீஸில் இன்றும் சுமார் 26,000 பேர் வாழ்கிறார்கள். கொடியில் காயும் துணி இருக்கும் படம்தான் அந்த ஊரின் உண்மையான படம்.

நெருக்கத்தில் எடுக்க நிறைய இருக்கு. கை பட்டுத் தேய்ந்த தாழ்ப்பாள், உப்புக்காற்றில் துருப்பிடித்த தகரக் கூரை, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிய நாலு வகை வால்பேப்பர். ஒவ்வொரு அடுக்கும் அந்த வீட்டில் ஒரு நல்ல நாளுக்காக ஒட்டியது.

அனுமதியோடு உள்ளே போனால்...

உள்ளே இருட்டு, ஜன்னலில் பளிச் வெளிச்சம். போன் கேமரா குழம்புவது இங்கேதான். சில டிப்ஸ்:

* ஜன்னலுக்குப் பக்கத்தில் திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் பண்ணுங்க. பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைங்க. ஜன்னல் வெளியே கடல் தெரிகிற அளவு போதும். அறையின் இருட்டை எடிட்டிங்கில் கொஞ்சம் தூக்கிக்கலாம். வெள்ளையாக வெந்துபோன ஜன்னலை மீட்க முடியாது.
* ராவ் ஃபார்மட் வசதி இருந்தால் அதில் எடுங்க.
* ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் தரும் ஆழத்தை அது அழித்துவிடும்.
* சின்ன ட்ரைபாட் இருந்தால் கையோடு வைங்க. இல்லையென்றால் உங்க பையின் மேல் போனைச் சாய்த்து வைத்து, மூன்று செகண்ட் டைமரில் எடுங்க.

அடுத்து, எதையும் நகர்த்தாதீங்க! நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டால் படம் அழகாகும்தான். ஆனால், அந்த நாற்காலியைக் கடைசியாக வைத்த கை வேறு யாருடையதோ. அதை அழித்துவிட்டால், அடுத்து வருகிறவர் பார்ப்பது நீங்க போட்ட செட்டைத்தான். 'ஞாபகார்த்தமா ஒரு கப் எடுத்துக்கறேன்' என்பதற்குப் பெயர் திருட்டு.

இதே தீவுகளுக்கு மேற்கே கடலில் செயின்ட் கில்டா என்ற தீவு இருக்கு. அங்கே மிஞ்சியிருந்த 36 பேர், 'இனி முடியாது, எங்களைக் கூட்டிப் போங்கள்' என்று தாங்களே கேட்டுக்கொண்டு, 1930 ஆகஸ்ட் 29 அன்று மொத்தமாக வெளியேறினார்கள். கிளம்பும் முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு பிடி ஓட்ஸ் தானியமும் வைத்துவிட்டுப் போனார்கள் என்று சொல்லப்படுகிறது. ஒரு வீட்டில் கிடக்கும் பொருள்கள் தற்செயலாகக் கிடப்பவை என்று முடிவு பண்ணிவிட முடியாது. யாரோ யோசித்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

இரவுப் படம் வேணுமா?

நைட் மோடுக்கு அசையாத போன் தேவை. ட்ரைபாடில் வைத்தால் ஐபோனில் 30 செகண்ட் வரையும், பிக்ஸலின் நட்சத்திர மோடில் 4 நிமிஷம் வரையும் எக்ஸ்போஷர் கிடைக்கும். காற்று பலமாக இருக்கும். ட்ரைபாடைத் தாழ்வாக வைத்து, அதில் பையைத் தொங்கவிடுங்க. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிலா வெளிச்சமே வீட்டைக் காட்டிவிடும்.

சிலர் உள்ளே டார்ச் அடித்து, ஜன்னலில் வெளிச்சம் வருவது போல எடுப்பார்கள். உரிமையாளரிடம் சொல்லிவிட்டுச் செய்தால் தவறில்லை. சொல்லாமல் செய்தால், இரவில் அண்ணன் வீட்டு ஜன்னலில் திடீரென்று வெளிச்சம் தெரிவதைப் பார்க்கும் பக்கத்து வீட்டுப் பெரியவரின் மனசு என்ன பாடுபடும் என்று நினைச்சுப் பாருங்க.

உயிர் முக்கியம் பாஸ்!

* மரத் தளம் மேலே நல்லா இருக்கும், கீழே உளுத்திருக்கும். மாடிப்படி, மாடி அறை பக்கம் போகவே வேண்டாம்.
* பழைய கூரை ஷீட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உடைந்த துண்டுகளைத் தொடாதீங்க, தூசியைக் கிளப்பாதீங்க.
* பலத்த காற்று நாளில் கூரைக்குக் கீழே நிற்காதீங்க. ஸ்லேட் கல் கத்தி மாதிரி வந்து விழும்.
* பச்சைப் பசேல் என்று தெரியும் இடம் சதுப்பாக இருக்கலாம். ஊர்க்காரர்கள் நடக்கும் பாதையிலேயே போங்க.
* பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது. ஆஃப்லைன் மேப் இறக்கி வைத்து, எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று தங்கும் இடத்தில் சொல்லிட்டுப் போங்க.
* கடல் தெறிப்பில் உப்பு இருக்கும். லென்ஸில் படிந்தால் படம் மங்கலாகும். மெல்லிய துணி ஒன்றை ஜிப் கவரில் போட்டு வைத்து, அடிக்கடி துடைங்க. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். போனை உள் பாக்கெட்டில் வைங்க.
* கோடையில் 'மிட்ஜ்' என்ற பொடிப் பூச்சிகள் கூட்டமாக வந்து கடிக்கும். காற்று அடித்தால் அவை வராது. அந்தக் காற்றுக்கு அப்போது நன்றி சொல்வீங்க!

எப்படிப் போறது?

ஸ்காட்லாந்தின் அல்லபூல் துறைமுகத்திலிருந்து ஸ்டோர்னோவேக்கு ஃபெர்ரி இருக்கு. பயணம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். ஸ்கை தீவின் ஊய்க் துறைமுகத்திலிருந்து ஹாரிஸின் டார்பெர்ட்டுக்கு இன்னொன்று. கிளாஸ்கோ, இன்வர்னஸிலிருந்து ஸ்டோர்னோவேக்கு விமானமும் உண்டு. மோசமான வானிலையில் ஃபெர்ரி ரத்தாவது சகஜம். திரும்பும் தேதிக்கு ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்க.

சாலைகள் பல இடங்களில் ஒரு கார் போகும் அகலம்தான். எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்குவதற்கென்று சின்னச் சின்ன இடம் விட்டிருப்பார்கள். படம் எடுக்கும் அவசரத்தில் அங்கே காரை நிறுத்திவிட்டுப் போகாதீங்க. ஊரே உங்களைத் திட்டும்!

போஸ்ட் பண்ணும் முன்...

எடிட்டிங்கில் முதல் தப்பு, எல்லா வீட்டையும் பேய் வீடாக்குவது. கறுப்பை ஏற்றி, பச்சையை இறக்கி, 'ஹான்டட்' என்று ஹேஷ்டேக் போட்டால் லைக் வரலாம். அது ஒருத்தரின் பாட்டி வீடு. படத்தை நேராக்குங்க, ஜன்னல் வெளிச்சத்தைச் சரிபாருங்க, அதோடு நிறுத்திக்குங்க.

இரண்டாவது, லொகேஷன். வீட்டின் சரியான இடத்தை டேக் பண்ணாதீங்க. உள்ளே பொருள்கள் இருக்கும் ஆளில்லாத வீட்டின் முகவரியை ஊருக்கே சொல்வது, திருடனுக்குச் சாவி கொடுப்பது மாதிரி. 'ஹாரிஸ்', 'லூயிஸ்' என்று போட்டால் போதும்.

மூன்றாவதுதான் முக்கியம், கேப்ஷன். இதைச் சொல்லும்போது ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. ஸ்டோர்னோவேயில் 1754-ல் பிறந்த ஒருவர், 1783-ல் கிழக்கிந்திய கம்பெனி அதிகாரியாகச் சென்னைக்கு வந்தார். அவர்தான் காலின் மெக்கன்சி. 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர். நிலத்தை அளக்க வந்தவர், அளவோடு நிறுத்தவில்லை. உள்ளூர் உதவியாளர்களை ஊர் ஊராக அனுப்பி, ஊர் வரலாறு, ஓலைச்சுவடி, கல்வெட்டுப் படி, ஓவியம் என்று சேகரித்துக்கொண்டே போனார். அந்தச் சேகரிப்பின் ஒரு பகுதி இன்றும் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. 'இது என்ன இடம்?' என்பதோடு, 'இங்கே யார் இருந்தார்கள், என்ன நடந்தது?' என்றும் கேட்டதால் கிடைத்த பொக்கிஷம் அது.

அந்த ஸ்டோர்னோவேக்காரர் நம்ம ஊரில் கேட்ட கேள்வியை, நீங்க அவர் ஊரில் கேளுங்க. அனுமதி கேட்கப் போகும் அந்த ஐந்து நிமிஷத்தில், 'இங்கே யார் இருந்தாங்க? எங்கே போனாங்க?' என்று விசாரிங்க. சொன்னால் கேட்டுக்குங்க. 'எழுதலாமா?' என்று கேட்டு, சம்மதம் இருந்தால் மட்டும் இரண்டு வரி கேப்ஷனில் போடுங்க. ஊர் திரும்பியதும் அந்தப் படத்தை அவர்களுக்கும் அனுப்புங்க.

ஏனென்றால், இந்த வீடுகள் ரொம்ப நாள் நிற்காது. ஒரு ஸ்லேட் கல் விழுந்தால் மழை உள்ளே வரும். மழை வந்தால் மரம் உளுக்கும். அப்புறம் ஒரு குளிர்காலப் புயல் போதும், கூரை உள்ளே இறங்கிவிடும். மிஞ்சுவது நாலு சுவரும் ஒரு புகைபோக்கியும்தான். அந்த நாளுக்குப் பிறகு கனடாவில் இருக்கும் ஒரு பேத்தி, 'எங்க பாட்டி வீடு எப்படி இருக்கும்?' என்று தேடினால், கிடைப்பது நீங்க எடுத்த படமாக இருக்கலாம். அதை அவர் பார்க்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே ஷட்டரை அழுத்துங்க!